பிரிண்டரின் வைஃபையை அணைத்த பிறகுதான் நிம்மதி: ஒரு நாலு வருஷ அனுபவம்

போன வாரம் பிரிண்டரை சர்வீஸில் இருந்து எடுத்து வந்த அன்றே சிநேகிதன் ஒருவன் போன் போட்டான். "மாப்ள, வைஃபை பிரிண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அப்படியே நீ வீட்டுல என்னமோ பேக்கப் போட்டு வச்சிருக்கியே, அதையும் சொல்லு." ஹெட் கிளீனிங்குக்கு, அதாவது மை பீச்சும் முனையைச் சுத்தம் செய்ய, ஆயிரத்து இருநூறு ரூபாய் அழுதுவிட்டு வந்த கடுப்பில் இருந்தேன். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். இது அந்த அப்புறம்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் மாடி வீடு. ரவுட்டர் கீழே ஹாலில், இங்க் டேங்க் பிரிண்டர் மாடி அறையில். நடுவில் ஒரு கான்கிரீட் தளம். என்னிடம் மேக், மனைவியிடம் விண்டோஸ் லேப்டாப். அவர் ட்யூஷன் எடுப்பதால் பரீட்சை சீசனில் கேள்வித்தாள் மட்டுமே இருநூறு, முந்நூறு பக்கம் போகும். 2021-ல் ஆன்லைன் வகுப்புக் கூத்து நடந்தபோது பிரிண்டர் வாங்கினோம். கூடவே ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர் (இனி 'பை' என்றால் இதுதான்), அதில் செருகிய 2 டிபி ஹார்டு டிஸ்க். எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தே பிரிண்ட் எடுக்கலாம், எல்லாருடைய ஃபைலும் தானாகவே பேக்கப் ஆகும் என்பது கனவு.

பேக்கப் பாதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் திட்ட ஒன்றுமில்லை. பையில் சம்பா என்ற, ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருளைப் போட்டு ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தேன். அதில் ஃப்ரூட் என்ற மாட்யூலைச் சேர்த்தால் மேக்கோடு வரும் டைம் மெஷின் என்ற பேக்கப் புரோகிராமுக்கு அது சொந்த டிஸ்க் மாதிரியே தெரியும். அதற்கப்புறம் அது தன் கணக்கில் ஓடுகிறது: கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு பிரதி, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையவற்றுக்கு வாரத்துக்கொன்று. டிஸ்க் நிரம்பினால் பழசைத் தானே கழித்துக்கொள்ளும். நான் அதை நினைத்துப் பார்ப்பதே கிடையாது.

ஒரே ஒரு தப்பு செய்தேன். முதல் பேக்கப், சுமார் 180 ஜிபி, அதை வைஃபையிலேயே ஓடவிட்டேன். இரண்டு ராத்திரி லேப்டாப்பை மூடாமல், "யாரும் தொடாதீங்க" என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தேன். நீ அப்படிச் செய்யாதே. முதல் தடவை மட்டும் லேன் வயரைச் செருகிவிடு. ரவுட்டரின் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்து நொடிக்கு 11 எம்பி தாண்டாவிட்டாலும், ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். அப்புறம் மாறினது மட்டும்தான் போகும், அதற்கு வைஃபை போதும்.

விண்டோஸில் அதன் சொந்த பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி. இதில் நான் சூடுபட்ட கதை உண்டு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இப்படிப் பழகின ஃபோல்டர்களைத்தான் அது தானாக எடுக்கும். மனைவி தன் கேள்வித்தாள்களை எல்லாம் டி டிரைவில் வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து ஒருநாள் திறந்து பார்த்தால், என் சினிமா போட்டோக்கள் பத்திரமாக இருக்கின்றன, அவர் உழைப்பில் ஒரு பக்கம்கூட இல்லை. நல்லவேளை, அதுவரை எதுவும் தொலையவில்லை. டி டிரைவ் ஃபோல்டரை நாமேதான் சேர்க்க வேண்டும். சேர்க்காதது என் குற்றம். சேர்த்த மூன்றாவது வாரமே ஒன்பதாம் வகுப்பு கணக்குத் தாள் மேல் பத்தாம் வகுப்புத் தாளை சேவ் செய்துவிட்டார். ஃபோல்டரைத் திறந்து முந்தின மணிநேரப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். "இதுக்குத்தான் அந்த டப்பா லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கா?" என்று கேட்டார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

வீட்டிலேயே இருக்கும் ஒரு டிஸ்க்கை மட்டும் நம்ப முடியாது. அதனால் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து திண்டுக்கல்லில் மாமனார் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பலகாரத் தூக்கோடு டிஸ்க்கும் போய் மாறி வரும்.

இனி பிரிண்டர்.

அச்சுத் தரம், மை செலவு இரண்டிலும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கறுப்பு மை ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வருகிறது. ஆனால் நாலு வருஷத்தில் என் ஆயுளைக் குறைத்தது "ஆஃப்லைன்" என்ற ஒரே ஒரு வார்த்தை.

காட்சி ஒன்று. மகளுக்குப் பரீட்சை. காலை 7.40. வேன் 8.05-க்கு வரும். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும். லேப்டாப்பில் "ஆஃப்லைன்". மாடிக்கு ஓடினால் பிரிண்டரில் வைஃபை விளக்கு பச்சையாக, ஆடாமல் அசையாமல் எரிகிறது. போனில் தேடினால் பிரிண்டர் இல்லை என்கிறது. அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மனைவி ஒன்றும் பேசாமல் பிடிஎஃப்பைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டு செருப்பை மாட்டினார். கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருப்பவர். பாவம், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு எடுத்துக் கொடுத்தாராம். ஐந்து ரூபாய். அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்ததும் மாடியில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் தட்டில் ஆறு ஹால் டிக்கெட்.

நியாயமாகப் பேசினால் இதில் பாதிப் பழி பிரிண்டருடையது அல்ல. கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் புது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் கதவு எண், கொடுக்கலாம். லேப்டாப் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், அங்கே இப்போது டிவி குடியிருக்கும். ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தேன், பாதித் தொல்லை போனது. அப்புறம் லேப்டாப்பில் பிரிண்டரின் போர்ட் அமைப்புக்குள் போய் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டர் இருக்கிறதா என்று லேப்டாப் விசாரிக்கும் வழி) என்ற பெட்டியில் இருந்த டிக்கை எடுத்தேன். பிரிண்டர் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டதாக அறிவிப்பது பெரும்பாலும் அந்த டிக்தான்.

2023-ல் இணையக் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றினார். புதுசில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைக்கும் ஒரே பெயர். நம் பிரிண்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அது திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததும் சேர்ந்துகொண்டது. இதெல்லாம் சரி. ஆனால் கரண்ட் வந்ததும் பிரிண்டர் அரை நிமிஷத்தில் எழுந்துவிடும், ரவுட்டருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். இந்தப் பிரிண்டர் அதற்குள் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று முடிவு கட்டிப் படுத்துவிடும். மறுபடி தேடாது. இதற்கு எந்த அமைப்பிலும் மருந்து இல்லை. இதற்கு நான் மன்னிப்பதாக இல்லை.

கடைசியில் சர்வீஸ் பையன்தான் சொன்னான். "சார், ரெண்டு வாரம் சும்மா கெடந்தா ஹெட் அடைச்சுக்கும். வைஃபை வரலைன்னு விட்டுடாதீங்க, பேசாம கேபிள் போட்டுடுங்க." எத்தனை இரவு மண்டையை உடைத்திருக்கிறேன், இவன் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான்.

கேபிள் போட்டேன், ஆனால் லேப்டாப்புக்கு அல்ல. பையை மாடிக்குக் கொண்டுபோய் பிரிண்டரை யூஎஸ்பியில் அதோடு பிணைத்தேன். பிரிண்டரின் வைஃபையை அணைத்தேன். பையில் கப்ஸ் என்ற, பிரிண்டரைப் பகிரும் மென்பொருளை நிறுவி, பிரிண்டரைப் பகிர டிக் போட்டேன். அவாஹி என்ற இன்னொரு புரோகிராம் அதை வீடு முழுக்க அறிவித்துவிடும். ஐபோன், ஆண்ட்ராய்டு, இரண்டு லேப்டாப், எல்லாவற்றிலும் தானாக வந்து நிற்கிறது. ஒரு வாரத்தில் நாலு தடவை கரண்ட் போய் வந்தது. ஒரு தடவைகூட அந்த வார்த்தையைப் பார்க்கவில்லை. அதாவது பிரிண்டரின் வைஃபையை அணைத்த பிறகுதான் வைஃபையில் ஒழுங்காக பிரிண்ட் வருகிறது. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு வண்ணப் பக்கம் தானாக அடிக்கவும் அதில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன், ஹெட் காயாமல் இருக்க. அதன் பின்பக்கத்தில்தான் இப்போது மளிகை லிஸ்ட்.

இவ்வளவு புகழ்ந்தபின் நீ கேட்பாய், அப்படியென்றால் வாங்கலாமா என்று. வாங்காதே மாப்ள. வைஃபைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, யூஎஸ்பி மட்டும் இருக்கிற மாடலே போதும். பை வைக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்று பார்த்துக்கொள்: பை ஓடுவது லினக்ஸில், பல பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இன்டெல் சிப்புக்குத்தான் தருவார்கள், பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பில் ஏறாது. காசு கொடுக்கும் முன்பே தேடிவிடு. என்னுடையதற்கு குட்டன்பிரிண்ட் என்ற இலவச டிரைவர் தொகுப்பு கைகொடுத்தது.

பேக்கப்பை மட்டும் இன்றைக்கே போடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லேன் வயர் உன் வீட்டில் இருக்காது, நானே எடுத்து வருகிறேன்.