பழைய பிக்அப்பைப் புதிய சேஸியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் 14,600 டாலர் போனது: ஓர் எச்சரிக்கை

பழைய பிக்அப் வண்டியின் பாடியைக் கழற்றிப் புதிய சேஸியில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், பொருத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் சிறு பட்டறை ஒன்றிடம் நான் 14,600 டாலரை இழந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்; ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்குரைஞர் சொல்லியிருப்பதால், பழைய வண்டிகளை வாங்குவோரும் விற்போரும் கூடும் ஒரு விளம்பரத் தளத்தின் வழியே அவர்களை அடைந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடையது 1951ஆம் ஆண்டு ஷெவ்ரலே 3100. பார்க்க அழகு, ஆனால் முன்னால் ஒற்றை அச்சு, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பவர் ஸ்டியரிங் கிடையாது, மின்சாரம் ஆறு வோல்ட். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் அதை ஓட்டுவது ஓட்டுபவருக்கும் நல்லதல்ல, முன்னால் போகிறவருக்கும் நல்லதல்ல. ஆகவே அமெரிக்காவில் பலரும் செய்வதுபோல ஷெவ்ரலே எஸ்-10 பிக்அப்பின் சேஸியில் அந்தப் பாடியை ஏற்ற நினைத்தேன். 1982 முதல் 2004 வரை வந்த அந்த வண்டியில் தனித்தனியாக இயங்கும் முன் சஸ்பென்ஷன், முன் டிஸ்க் பிரேக், பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் எல்லாம் இருக்கின்றன; பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியும் எளிதில் கிடைக்கும். 3100இன் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம், 116 அங்குலம். நீளமான சரக்குப் பெட்டி வைத்த எஸ்-10இன் வீல்பேஸ் 117.9 அங்குலம். ஏறத்தாழ இரண்டு அங்குலத்தைச் சேஸியிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் பற்றவைக்க வேண்டும். முழு வேலையின் உயிரும் அந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது.

பட்டறை உரிமையாளர் இதையெல்லாம் நான் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னார். அளவு நாடாவை விரித்து, எண்ணைப் பார்க்காமலே 116 என்றார். எஸ்-10இன் இடது, வலது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் பழைய வண்டியின் பருத்த மட்கார்டுகளுக்குள் அவை ஒடுங்கித் தெரியும் என்றும், அதற்குப் பின் அச்சை அகலமானதாக மாற்றிவிடலாம் என்றும் விளக்கினார். அதோடு நிற்கவில்லை. வெட்டிய முனைகளை நேருக்கு நேர் ஒட்டி, ஒட்டை வலுப்படுத்தும் இரும்புத் தகடு (வலுத்தகடு) வைக்காமல் கிரைண்டரால் வழித்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடும் பட்டறைகள் ஏராளம், ஜாக்கிரதையாக இருங்கள் என்று எனக்கே பாடம் நடத்தினார். தன் தொழிலில் நடக்கும் மோசடியை இவ்வளவு துல்லியமாக எடுத்துச் சொல்கிற மனிதர் அதையே செய்வார் என்று யாருக்குத் தோன்றும்? சேஸிக்கும் வெட்டு வேலைக்குமாக 9,000 டாலரை அன்றே அனுப்பினேன். அட்டையில் கட்டினால் கட்டணம் கூடும் என்று அவர் சொன்னதால் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போனது அந்தப் பணம்.

தொடக்கத்தில் படங்கள் ஒழுங்காக வந்தன. பிரேக், வயரிங், ஸ்டியரிங் இணைப்பு ஆகியவற்றுக்காக மீதி 5,600 டாலரும் போய் மொத்தம் 14,600 ஆனதும் படங்கள் நின்றன. பிறகு சாக்குகள் வந்தன. வெல்டருக்கு முதுகுவலி, உதிரிபாகம் வழியில் இருக்கிறது, வேறொரு வாடிக்கையாளரின் கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டது. தொலைபேசியை எடுக்கும் பெண்மணி ஒவ்வொரு முறையும் மிகுந்த மரியாதையோடு என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த முறை அழைக்கும்போது அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்போல மறுபடியும் கேட்பார். மிகவும் வற்புறுத்தியபின் ஒரு படம் அனுப்பினார்கள். என் வண்டியின் கேபினில் பின் மூலைகளிலும் கண்ணாடி உண்டு. படத்தில் இருந்த கேபினில் அந்த மூலைக் கண்ணாடிகளே இல்லை. படம் எடுத்த கோணம் அப்படி என்றார் உரிமையாளர். தகரத்தால் மூடிய மூலை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தகரம்தான்.

வழக்குப் போடுவேன் என்றதும், வண்டி நிறுத்திய இடத்துக்கு வாடகை பாக்கி இருக்கிறது, அதைக் கட்டாமல் வண்டியை விடமாட்டேன் என்று மிரட்டிப் பார்த்தார். வழக்குரைஞரின் கடிதம் போன பிறகே வண்டி என் கைக்கு வந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். எனக்கு எதைச் சொல்லி எச்சரித்தாரோ அதையே எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்: நேர்வெட்டு, வலுத்தகடு இல்லை, வழித்து மேலே கறுப்புப் பெயின்ட். பெயின்டைச் சுரண்டியதும் பற்றவைப்பின் ஓரமாக முடியிழை போன்ற விரிசல் தெரிந்தது. கேபினைத் தாங்கும் இடங்களில் ரப்பர் மெத்தைகளுக்குப் பதிலாக வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். பிரேக் குழாயை நடுவில் அறுத்து, பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்கவே முடியாத, தண்ணீர்க் குழாய்க்கான இணைப்பு ஒன்றால் ஒட்டியிருந்தார்கள். பின் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காமல் முன்னால் தள்ளி நின்றது. அகலமான அச்சு என்பது வெறும் பேச்சு.

இதைவிடப் பெரிய அடி காகிதத்தில் விழுந்தது. சேஸியின் உரிமைச் சான்று தன்னிடம் இருப்பதாகச் சொன்னவர், கடைசிவரை அதைக் காட்டவில்லை. சேஸியில் பொறித்திருந்த வாகன அடையாள எண்ணை, தேசிய காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பின் இலவசத் தேடலில் நானே இட்டுப் பார்த்தேன். விபத்தில் சிதைந்து காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி என்று வந்தது. அதைக் கேட்டதற்கு அவர் தந்த பதிலை நினைத்தால் இன்னும் உடல் பதறுகிறது: அந்த எண்ணைக் கிரைண்டரால் வழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். அடையாள எண்ணை அப்படி அழிப்பது இந்த நாட்டில் கூட்டாட்சிச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். நான் மறுத்ததும், ஆவணங்களுக்கு வண்டிக்காரரே பொறுப்பு என்று ரசீதின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். இப்போது என்னிடம் இருப்பது ஓட்ட முடியாத, பதிவும் செய்ய முடியாத ஒரு வண்டி. 14,600 டாலர்!

இந்த வேலையை எப்படிச் செய்விப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று அதற்கான பொறுமை இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். சேஸியின் உரிமைச் சான்றைக் கையில் வாங்கி, அதிலுள்ள எண்ணைச் சேஸியிலுள்ள எண்ணோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். பாடியும் சேஸியும் வேறு வேறாக இருக்கும் வண்டியைப் பதிவு செய்யும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில வாகனத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பற்றவைத்த இடத்தை நேரில் பார்க்காமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். கட்டணம் கூடினாலும் கடன் அட்டையிலேயே கட்டுங்கள். வேலை ஒப்புக்கொண்டபடி நடக்காவிட்டால், கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். நேரடியாக அனுப்பிய என் 14,600 டாலருக்கு அந்த வழியும் இல்லை.

திங்கட்கிழமை மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுக்கிறேன். இதே விதத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதுகளையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.