‘என் சரித்திரம்’: எங்கே தொடங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

சிரிக்கவும் வைத்து, நம்மை நிமிர்ந்து உட்காரவும் வைக்கிற உண்மை வாழ்க்கைக் கதை தமிழில் எது என்று கேட்டால், உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’தான் முதலில் நினைவுக்கு வரும். ஆசையாக வாங்கி, சில அத்தியாயங்களோடு மூடி வைத்துவிடுகிற புத்தகமும் இதுதான். அப்படி நிறுத்தியவர்கள் மறுபடி கையில் எடுப்பதற்காக இந்த மதிப்புரை.

ஆனந்த விகடனில் இது தொடராக வரத் தொடங்கியது 1940 ஜனவரியில். ஐயருக்கு அப்போது 84 வயது. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமாகிவிட, 122 அத்தியாயங்களோடு கதை நின்றது, புத்தகமானது 1950-இல். பத்திரிகைக்கு அளந்து எழுதியதால் எந்த அத்தியாயமும் நீளமில்லை. பதிப்பைப் பொறுத்து எழுநூறு, எண்ணூறு பக்கம் வரும். நாவல் போல ஒரே மூச்சில் படிக்கப் போனால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் குழம்பிப் போகும். நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் நான்கு மாதத்தில் முடியும். இந்தப் புத்தகத்துக்குப் பொருத்தமான வேகம் அதுதான்.

முதல் அத்தியாயம் ‘எங்கள் ஊர்’. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொள்கிறார். அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாக ஓர் அக்கிரகாரத்தையே கட்டித் தானம் செய்கிறார்: 48 வீடு, இரண்டு வீட்டுக்கு ஒன்றாக 24 கிணறு. உத்தமதானபுரம் பிறந்த கதை இது. ஒரு வெற்றிலைச் சுருளால் ஒரு ஊர் உண்டானதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். புத்தகம் முழுக்க நகைச்சுவை இப்படித்தான் வரும். சிரிப்பு மூட்ட வேண்டுமென்று அவர் முயல்வதே இல்லை.

அதற்குப் பிறகு முன்னோர், உறவினர் என்று வரும் பகுதியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். உறவுமுறை மனத்தில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுவதுதான் சிக்கல். அதில் ஐயரின் உறவினரான சங்கீத வித்துவான் கனம் கிருஷ்ணையர் பற்றிய பகுதியை மட்டும் விடாதீர்கள். மற்றதை அப்படியே வைத்துவிட்டு, ‘பிள்ளையவர்கள் முன் முதல் நாள்’ என்ற அத்தியாயத்துக்குத் தாராளமாகத் தாவலாம். 1871-இல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தந்தையும் மகனும் பார்க்கப் போகும் நாள் அது. படிக்க வருகிறவர்கள் கொஞ்ச நாளில் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்று பிள்ளை தயங்குகிறார். பையனுக்கு நெஞ்சு படபடக்கிறது. நளன் கதையைப் பாடும் நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லச் சொல்கிறார் பிள்ளை. இங்கே தொடங்கி, பிள்ளை 1876-இல் மறையும் வரைக்கும் ஒரு வரி விடாமல் படியுங்கள். புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு புராணத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாட்டாகச் சொல்லி ஏட்டில் எழுத வைக்கும் புலவர், அன்றாடச் செலவுக்குத் தவிப்பதை ‘புலமையும் வறுமையும்’ காட்டுகிறது. ஆசிரியரைப் பற்றி இத்தனை அன்போடு எழுதிய மாணவர் தமிழில் வேறு யாரும் இல்லை என்றே சொல்வேன்.

இதை முடித்துவிட்டு முன்பக்கத்துக்குத் திரும்பினால், விட்டுவைத்த அத்தியாயங்களும் சுவைக்கும். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறார் தந்தை வேங்கடசுப்பையர். போன இடத்தில் இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊரார் தரும் நெல்லில் குடும்பம் நடத்துகிறார். மகன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பது தெரிந்த பிறகு இந்த அலைச்சலைப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. 1868-இல் நடந்த கல்யாணத்தைப் பற்றிய பகுதியும் இங்கேதான். காப்பி என்பதையே அறியாத காலத்துக் கல்யாண வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பதிவு கிடைக்காது.

அடுத்த திருப்பம் ‘என்ன பிரயோசனம்?’ அத்தியாயம். 1880-இல், பிள்ளையின் பழைய மாணவரும் அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்தவருமான தியாகராச செட்டியார் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகிறார் ஐயர். அதே ஆண்டு, அங்கே முன்சீபாக (கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்க அடுக்க முதலியார் முகத்தில் அசைவே இல்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்று கேட்கும்போது ஐயரின் பட்டியல் தீர்ந்துபோகிறது. அந்த அவமானத்தை மறைக்காமல் எழுதியதற்காகவே இவரைக் கும்பிடலாம். அந்தச் சிந்தாமணியை ஏடுகளிலிருந்து ஐயரே பதிப்பிக்க, அச்சாகி வந்தது 1887-இல். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று மற்றவை தொடர்ந்தன.

பதிப்புப் பகுதியில் வேகம் குறையும். சிந்தாமணிக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியரின் உரையில் மேற்கோள் வரும், எந்த நூலிலிருந்து என்று இருக்காது. ஐயர் அதைத் தேடித் தேடி அலைவார். சிந்தாமணி சமண நூல் என்பதால், அதைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போவார். பிழை திருத்தம், ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் பாடபேதம், அச்சுக்கூலிக் கவலை என்று பல பக்கங்கள் போகும். இலக்கண ஆர்வம் இல்லாதவர்கள் இதில் கொஞ்சம் தாண்டலாம். ஆனால் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சியைத் தாண்டாதீர்கள். அந்தக் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் எங்கே என்று கேட்கிறார். கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதால் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த வேதனைக்குப் பிறகும் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்.

படிக்கும்போது தடுக்கும் இடங்கள் சில உண்டு. ஆண்டுகளைப் பல இடங்களில் தமிழ்ப் பெயரில் சொல்வார். அறுபது ஆண்டு வரிசையில் முதலாவதான பிரபவ 1867 ஏப்ரலில் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு எண்ணினால் போதும்: பிரஜோற்பத்தி 1871, யுவ 1875. நெல் அளவாக வரும் கலம் என்பது 12 மரக்கால். இடையில் வரும் சிலேடைப் பாட்டுகள் புரியாவிட்டால் நிற்க வேண்டாம், கதை கெடாது. வாங்கும்போது பெயர் அடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இருக்கிற பதிப்பாகப் பார்த்து எடுங்கள். நூற்றுக்கணக்கான பெயர்களில் யார் யார் என்று திரும்பிப் பார்க்க அது இல்லாமல் முடியாது. எழுத்து பொடியாக இருந்தால் இவ்வளவு பெரிய புத்தகத்தில் கண் வலிக்கும். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது என்பதால், சில அத்தியாயங்களை அங்கே படித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். மனைவியைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதுகிறார். சாப்பாட்டுக்கு ஆசிரியர் ஓரிடம், மாணவர் ஓரிடம் என்று சாதி பிரித்துவைத்த ஏற்பாட்டை இயல்பான வழக்கமாகச் சொல்லிப் போகிறார். இன்றைய வாசகருக்கு அங்கே உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியோடு நின்றுவிடுவதால், 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தது முதலான நாற்பதாண்டு இதில் இல்லை. அதற்கு அவர் மாணவர் கி.வா. ஜகந்நாதனின் ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது. முழுப் புத்தகத்துக்குத் துணிவு வராதவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஐயரின் ‘நினைவு மஞ்சரி’, ‘நான் கண்டதும் கேட்டதும்’ ஆகிய கட்டுரைத் தொகுப்புகளில் தொடங்கலாம். அதே குரல், அதே குணம். ஒரு கட்டுரையை ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.