புது பிக்கப்பில் 95 கி.மீ. வேகத்தில் வந்த உதறல்: 14 மாதம், 23,000 கி.மீ. அனுபவம்

வண்டி எடுத்து 14 மாதம் ஆகிறது, மீட்டர் 23,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டபுள் கேபின், டீசல், பின்னால் லீஃப் ஸ்பிரிங். இஞ்சின், கியர், சுமை இழுக்கும் திறன் எதிலும் குறை சொல்ல இடமில்லை. இங்கே நான் எழுதப்போவது முதல் நாலு மாதம் என்னைப் படுத்தியெடுத்த ஒரு அதிர்வைப் பற்றி மட்டும்தான். காரணம் டயர். அதைக் கண்டுபிடித்து, ஒப்புக்கொள்ளவைத்து, மாற்றி வாங்கும்வரை பட்ட பாடு வேறு யாருக்காவது உதவும்.

முதல் நெடுஞ்சாலைப் பயணத்திலேயே தெரிந்துவிட்டது. 85 தாண்டியதும் சீட்டுக்கு அடியில் லேசாக ஆரம்பிக்கும். 95-க்கும் 100-க்கும் நடுவில் உச்சம். 115-ல் பாதியாகக் குறையும். ஆள் உட்காராத பக்கத்து சீட்டின் ஹெட்ரெஸ்ட் அப்போது முன்னும் பின்னுமாக விடாமல் நடுங்கும். ராத்திரியில் உள்கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வரும் வண்டியின் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். சாலை மோசமோ என்று அதே தூரத்தை மறுநாள் திரும்பவும் ஓட்டினேன். அதே வேகம், அதே உதறல்.

இஞ்சினா, சக்கரமா என்று பிரிப்பதுதான் முதல் வேலை. அதற்குச் செலவே கிடையாது. ஆளில்லாத நேரான சாலையில் 100-ல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டேன். இஞ்சின் சத்தம் அடங்கியது, உதறல் அடங்கவில்லை. அதே 95-ல் ஒரு கியர் குறைத்து ஓட்டினேன். ஆர்பிஎம் ஏறியது, உதறலில் மாற்றமில்லை. ஆக இஞ்சின் இல்லை. பிரேக் மிதிக்கும்போது கூடவும் இல்லை, அதனால் டிஸ்க்கும் இல்லை.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. போனில் அதிர்வு அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, சீட் தண்டவாளத்தின் மேல் போனை அழுத்தி வைத்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்க்கச் சொன்னேன். 95-ல் நொடிக்கு 11 தடவை என்று காட்டியது. இப்போது கணக்குப் போடலாம். டயரின் விட்டம் சுமார் 77 செ.மீ., சுற்றளவு 2.4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 95 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 26.4 மீட்டர். வகுத்தால் சக்கரம் நொடிக்கு சுமார் 11 சுற்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டாக (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) இருந்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்ற அது 3.7 சுற்று சுற்றும் என்பதால், 40-க்குப் பக்கத்தில் காட்டியிருக்கும், காதுக்கு முழக்கம் மாதிரியும் கேட்டிருக்கும். வந்த எண் சக்கரத்தையே கைகாட்டியது.

95-ல் மட்டும் ஏன் உச்சம் என்பதற்கும் காரணம் உண்டு. பிக்கப் லேடர் பிரேம், அதாவது ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கிற வண்டி. அந்த நீளமான சட்டத்துக்கும் பின்னால் உள்ள ஆக்சிலுக்கும் தங்களுக்கென்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் இருக்கும். சக்கரத்தின் சுழற்சி அதோடு ஒத்துப்போகிற வேகத்தில், சின்னக் குறைகூடப் பெரிதாகிவிடும். பின்னால் சுமை ஏற்றும் தொட்டி காலியாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

சர்வீஸ் சென்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன்பே காற்றழுத்தம் பார்த்தேன், நாலிலும் 48 பிஎஸ்ஐ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 35 என்றுதான் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் வழியிலும் யார்டில் நிற்கும்போதும் டயர் ஒரே இடத்தில் தட்டையாகிவிடக் கூடாது என்று காற்றை அதிகமாக அடித்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். குறைத்ததும் ஓட்டம் மென்மையானது, உதறல் தீரவில்லை. முதல் தடவை பேலன்சிங் செய்தார்கள். இரண்டாம் தடவை மறுபடி பேலன்சிங், கூடவே அலைன்மென்ட். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். இந்த மாதிரி உதறல் அதனால் வராது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை சர்வீஸ் அட்வைசர், “சார், பிக்கப்னா இப்படித்தான் இருக்கும், கார் மாதிரி எதிர்பார்க்காதீங்க” என்றார்.

அப்போது நான் கேட்டதுதான் திருப்பம். “இதே மாடல் டெஸ்ட் டிரைவ் வண்டி இருக்குல்ல, அதை 100-ல் ஓட்டிப் பார்ப்போம், நீங்களும் வாங்க.” அவரும் வந்தார். அந்த வண்டியில் ஹெட்ரெஸ்ட் அசையவில்லை. அன்று ஜாப் கார்டில் “வாடிக்கையாளர் புகார் உறுதிசெய்யப்பட்டது” என்று எழுதி வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி நடந்தால், ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதன் பிறகு வீட்டிலேயே இறங்கினேன். முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினேன். அதுவரை சீட்டில் தெரிந்த உதறல் ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. குறை சக்கரத்தோடு கூடவே நகர்கிறது. திரும்பப் பழைய இடத்திலேயே மாட்டி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்தேன் (ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்யவே கூடாது). ஹேண்ட்பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைத்து, ஒரு செங்கல் மேல் ஸ்குரூடிரைவரை வைத்து, முனை டயரின் பட்டனை (சாலையில் படும் மேல்பரப்பு) உரசும் அளவுக்கு நெருக்கிக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒரு இடத்தில் ‘சர்ர்’ என்று உரசியது. அரைச் சுற்று தாண்டியதும் நடுவில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வலது பக்கத்தில் அப்படி இல்லை. இடது பின் டயர் வட்டமாகவே இல்லை.

அதைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினேன். என் வண்டியில் ஸ்டெப்னியும் அதே அளவு. அளவு வேறாக இருந்தால் 4 வீல் டிரைவில் போட்டு ஓட்டாதீர்கள், டிரைவ்லைன் கெடும். உதறல் பாதி போனது. பாதிதான் போனது என்பது என்னைக் குழப்பியது. மற்ற மூன்றையும் அதே ஸ்குரூடிரைவர் வைத்துப் பார்த்தேன், வட்டம் சரியாகவே இருந்தது.

பதில் கிடைத்தது, டயரை உருளையால் அழுத்திக்கொண்டே சுற்றி அளக்கும் மெஷின் வைத்திருந்த ஒரு கடையில். சாதாரண பேலன்சிங் மெஷினில் டயர் அந்தரத்தில் சுற்றுகிறது. எடை எந்தப் பக்கம் கூடுதல் என்று மட்டும் அது சொல்லும். ஈயக்கட்டி ஒட்டினால் சைபர் காட்டிவிடும். டயரின் பக்கச் சுவரில், உள்ளே துணி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ரப்பர் விறைப்பாக இருந்தால் அதற்குத் தெரியாது. வண்டியின் பாரம் ஏறும்போது அந்த விறைப்பான இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிலை ஒரு தட்டு தட்டும். உருளை அளப்பது அந்தத் தட்டைத்தான்.

கடைக்காரர் வயதானவர். “தம்பி, இது பேலன்ஸ் கோளாறு இல்ல, டயரே முரடு” என்றார். மெஷின் காட்டிய தட்டின் அளவு: இடது பின் 21 கிலோ, வலது முன் 17 கிலோ, மற்ற இரண்டும் 6, 5. வலது முன் டயர் கண்ணுக்கு வட்டம்தான், பாரம் ஏறினால்தான் குணம் தெரிந்தது. ரிம்மையும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார், சுற்றும்போது 0.3 மி.மீ. கூட ஆடவில்லை. பிறகு இரண்டு டயரையும் ரிம்மிலிருந்து எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போட்டார். டயரின் மேடும் ரிம்மின் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது கணக்கு. 17 என்பது 12 ஆனது. 21 என்பது 19-லேயே நின்றது. ரிம்மே சரியாக இருக்கும்போது ஈடுகட்ட அதில் என்ன இருக்கிறது?

டயர் தயாரிப்பு வாரத்தையும் குறித்துக்கொண்டேன். டாட் எழுத்துகளுக்குப் பிறகு வரும் கடைசி நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். என் டயர்களில் அது உள்பக்கம் இருந்ததால் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் படித்தேன். கெட்ட இரண்டும் ஒரே வாரம், நல்ல இரண்டும் வேறு வாரம். இதுவே ஆதாரம் ஆகிவிடாது, ஆனாலும் புகாரில் சேர்த்தேன்.

வண்டிக்கு வாரண்டி தருபவர் வேறு, டயருக்குத் தருபவர் வேறு. இது தெரியாமல் ஷோரூமோடு மட்டும் மூன்று மாதம் பேசிக்கொண்டிருந்தேன். டயர் தரப்பிலிருந்து வந்து பார்த்தவர் முதலில், பேலன்ஸ் சைபர் காட்டுகிறதே, தேய்மானமும் சமமாக இருக்கிறதே என்றார். மெஷின் அச்சடித்துக் கொடுத்த சீட்டை நீட்டினேன். ஸ்டெப்னி போட்டால் குறைகிறது என்று ஓட்டியும் காட்டினேன். பத்து நாளில் இரண்டு புது டயர் வந்தது. மாட்டுவதற்கு முன்பே அதே மெஷினில் ஏற்றச் சொன்னேன். 7, 5.

அதற்குப் பிறகு ஓடிய 17,000 கிலோமீட்டரில் உதறல் திரும்பவில்லை. இரண்டு தடவை டயர்களை இடம் மாற்றியாயிற்று. நாலைந்து நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் சில கிலோமீட்டர் லேசாகத் தட்டும். டயர் சூடானதும் அது தானாகப் போய்விடுகிறது, கோளாறில்லை. மாறாக 30, 40 வேகத்திலேயே வண்டி தள்ளாடி, பட்டனில் எங்காவது புடைப்பு தெரிந்தால், டயருக்கு உள்ளே இருக்கும் பெல்ட் (கம்பி அடுக்கு) பிரிகிறது என்று அர்த்தம். அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

போன வாரம் அதே சாலையில், தொட்டி காலியாக, 97-ல் வைத்து ஓட்டினேன். பக்கத்து சீட்டு ஹெட்ரெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். அசையவில்லை.