வலது முழங்கை சொன்ன கணக்கு: மூன்று கார், மூன்று கூலிங் ஃபிலிம்

காலையில் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கு வடகிழக்கே போகிறேன், வெயில் முகத்தில். சாயங்காலம் தென்மேற்கே திரும்புகிறேன், அப்போதும் முகத்தில். போதாததற்கு வலது கைப் பக்கம் வேறு. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியபோது, ஏசியை முழுசாக வைத்தும் க.க.சாவடி தாண்டி வேலந்தாவளம் வருவதற்குள் வலது முழங்கை காந்தும்.

அதுவரை ஜன்னலில் வலைத்திரைதான் மாட்டியிருந்தேன். 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் என்றாலே அபராதம் என்று ஆகிவிட்டதே. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றது. அடுத்த மாதமே எங்கள் சொந்தத்தில் மூன்று கார்கள் ஒட்டிக்கொண்டன. என்னுடையதில் பீங்கான் துகள் கலந்த செராமிக் ஃபிலிம், பக்கக் கண்ணாடிகளில் மட்டும். மச்சான் காரில் மலிவான சாய ஃபிலிம், பின்னாடியும் சேர்த்து. கஞ்சிக்கோட்டுப் பங்காளி காரில் மெட்டல் ஃபிலிம், முன் கண்ணாடி உட்பட. ஒரு முழுக் கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்தாச்சு.

கடையில் முதலில் ஒரு வித்தை காட்டுவார்கள். சூடு பல்புக்கு முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டைப் பிடித்து, பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சாதாக் கண்ணாடியில் கை பொரியும், செராமிக்கில் ஒன்றுமே தெரியாது. நானும் மயங்கித்தான் போனேன். விஷயம் என்னவென்றால், அந்த பல்பு கக்குவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். சூரிய வெப்பத்தில் அது ஏறக்குறைய பாதிதான். மீதியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகவே வருகிறது. வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பை மட்டும் 95 சதவீதம் தடுத்தாலும் மொத்தத்தில் பாதிச் சூடுதான் குறையும். அதனால் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஐஆர், அதாவது அகச்சிவப்பு எண்ணைப் பார்க்காதீர்கள். பொடி எழுத்தில் டி.எஸ்.இ.ஆர். என்று ஒன்று இருக்கும், மொத்த வெப்பத்தில் எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு. என்னுடையதில் அது 48. மச்சான் வாங்கியதில் அந்த எண்ணே இல்லை.

இன்னொரு கணக்கையும் கடையில் சொல்வதில்லை. கார்க் கண்ணாடி தானே கொஞ்சம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். 75 சதவீதம் வெளிச்சம் விடுகிற கண்ணாடியில் 70 ஃபிலிம், அதாவது 70 சதவீதம் விடுகிற ஃபிலிம், ஒட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 52 சதவீதம். பக்கக் கண்ணாடிக்குத் தப்பித்தோம். முன்பின் கண்ணாடிக்கு அது சட்டவிரோதம். மச்சான் '50 வரைக்கும் ஓகேதானே' என்று 50 ஃபிலிமே ஒட்டினார். பெருக்கிப் பார்த்தால் 37, 38. ஒரு சோதனையில் மாட்டி, அபராதம் கட்டி, பின் கண்ணாடி ஃபிலிமை அவரே பிளேடு வைத்து உரித்தார். கண்ணாடியின் ஈரப்பனியைச் சூடாக்கிப் போக்கும் டிஃபாகர் கம்பிக் கோடுகளில் மூன்று, பசையோடு சேர்ந்து வந்துவிட்டன. இப்போது மழை நாளில் பின் கண்ணாடி வரிக்குதிரை மாதிரிதான் தெளிகிறது. பக்கத்தில் மிச்சம் இருந்ததும் ஒரு வருடத்தில் கருப்பு போய் ஊதா ஏறிவிட்டது. ஆனால் ஒன்று, கண் கூச்சம் அவர் காரில்தான் குறைவு. முழங்கைச் சூடு மட்டும் ஃபிலிம் இல்லாத காலத்தைவிடப் பெரிதாகக் குறையவில்லை. கருப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நம் புத்தி நம்புகிறது, அவ்வளவுதான்.

பங்காளியின் மெட்டல் ஃபிலிம் சூட்டை நன்றாகவே தடுத்தது. செராமிக்குக்குச் சளைத்ததில்லை, விலையும் குறைவு. ஆனால் பாம்பாம்பள்ளம் டோலில் ஃபாஸ்டேக் படிக்காது. ஃபிலிமில் உள்ள உலோகம் ரேடியோ அலையையும் மறித்துவிடுகிறது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ஊழியர் கையடக்கக் கருவியோடு சுற்றிச் சுற்றி வருவார். கடைசியில் பங்காளி முன் கண்ணாடியில் மட்டும் உரித்துவிட்டார்.

என் செராமிக்குக்கு வருகிறேன். ஒட்டியது ஐப்பசி மழையில் என்பதால் உள்ளே நீர்க்கோடுகள் காய மூன்று வாரம் ஆனது. மழையில் ஒட்டாமல் மாசியில் ஒட்டியிருக்கலாம். காய்ந்த பிறகு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் முழங்கை காந்துவது நின்றது, ஏசி இரண்டாம் எண்ணிலேயே போதுகிறது. ஆனால் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், ஃபிலிம் இல்லாததைவிட அதிகமாகச் சுடும். தடுத்த சூட்டில் பெரும்பகுதியைக் கண்ணாடியே வாங்கி வைத்துக்கொள்கிறது. ஓடும்போது வெளிக்காற்று அதைத் துடைத்துக்கொண்டு போகும். மதுக்கரையில் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றால் அந்தச் சூடு மெல்ல உள்ளே இறங்குவது தெரியும். வெயிலில் நிறுத்திய காருக்கோ எந்த ஃபிலிமும் உதவாது. மதியம் இரண்டு மணிநேரம் வெட்டவெளியில் போட்டுவிட்டு வந்தால் மூன்று காரிலும் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அதற்குப் புளியமர நிழல்தான்.

இரவில் மழையோடு தென்னந்தோப்புகளுக்கு நடுவே வரும்போது பக்கக் கண்ணாடி வழியே சைடு மிரர் கொஞ்சம் மங்கல். என் அப்பா அந்த நேரத்தில் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கிறார்.

என் குறை முன் கண்ணாடிதான். காரில் பெரிய கண்ணாடி அது, எனக்கு இரண்டு வேளையும் வெயில் அதன் வழியாகத்தான் வருகிறது. அதைத்தான் வெறுமனே விட்டிருக்கிறேன். சட்டத்துக்குள் நிற்கக் கிட்டத்தட்ட நிறமே இல்லாத ஃபிலிம் வேண்டும். அந்த ஒரு கண்ணாடிக்குக் கடைக்காரர் சொன்ன விலை, நான் நாலு கதவுக்கும் கொடுத்ததைவிட அதிகம். பங்குனிக்கு முன் முடிவெடுக்க வேண்டும். அதுவரை சன் வைசரை இறக்கிவிட்டு, கழுத்தை நீட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.