கொளத்தூர் புழுக்கடை: மொய்னாவுக்கு நம்பிப் போகலாம்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. மீனுக்கு நல்ல உயிர் இரை கிடைப்பதுதான் கஷ்டம். நான் வழக்கமாக வாங்குவது ஒரு சந்துக்குள், வீட்டு வாசலிலேயே தெர்மாகோல் பெட்டிகளையும் டப்புகளையும் பரப்பி வைத்து விற்கும் ஓர் அக்காவிடம். பெயர்ப்பலகை கிடையாது. அவர் வீட்டுக்காரர் விடியும் முன்பே போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நான் ஃபைட்டர் (பெட்டா) மீனை ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்கிறவன். பெல்லட் என்கிற உலர் தீவனம் போட்டே மீனை நன்றாக வைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஜோடி சேர்க்கும் முன் ஓரிரு வாரம் உயிர் இரை தின்ற பெண் மீனுக்கு வயிறு முட்டையோடு புடைத்து நிற்கும் அழகே தனி. குஞ்சுகளுக்கோ அசையாத இரை கண்ணிலேயே படாது. அதனால் இந்தச் சந்துக்குப் போகாமல் எனக்கு வேலை ஓடாது.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் அது மொய்னாதான், தண்ணீரில் தத்தி நீந்துகிற பொடி உயிர். பெரியது ஒரு மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவே. நம் ஊர் வெக்கையை அதன் பெரிய உறவான டாஃப்னியாவைவிட நன்றாகத் தாங்கும். பல இடங்களில் செக்கச்செவேலென்று இருக்கும் மொய்னாவைக் காட்டி, சத்து அதிகம் என்று விலை ஏற்றுவார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது உடம்பில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் வருகிற நிறம் அது. அக்கா அகலமான டப்பில் மெதுவாகக் காற்று விட்டு வைத்திருக்கிறார், நெரிசல் இல்லை. பாக்கெட்டில் தண்ணீர் கொஞ்சம், காற்று நிறைய என்றுதான் கட்டுவார். கையில் கொடுக்கும்போதே, "எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போ தம்பி, வண்டிப் பெட்டிக்குள்ள வெச்சா வெந்துடும்" என்பார்.

வீட்டுக்கு வந்ததும் எந்தக் கடைப் பாக்கெட்டாக இருந்தாலும் முதலில் வெள்ளை பேசினில் ஊற்றிவிடுவேன். ஓரமாக டார்ச் அடித்தால் மொய்னா வெளிச்சத்தை நோக்கிக் கூட்டமாகத் தத்தித் தத்தி வரும். அதற்கு நடுவே வெடுக் வெடுக்கென்று பாய்வது சைக்ளாப்ஸ் என்கிற இன்னொரு பொடி உயிர். பெண்ணாக இருந்தால் பின்னால் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். அடியில் காலை ஊன்றி அசையாமல் கிடப்பது தும்பியின் குஞ்சு. அது ஒன்று குஞ்சு டேங்குக்குள் போனால் போதும், தினமும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். காசு மாதிரி தட்டையாக, கண்ணாடி போலத் தெரிந்தால் மீன் பேன். வேறொரு கடையில் வாங்கிய பாக்கெட்டில் எனக்கு அது வந்திருக்கிறது. எங்கே பிடித்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் ஏரிதான் சார்" என்று பதில். ஏரியில் மீன் இருக்கிறது. மீன் இருக்கிற இடத்தில் மீனின் ஒட்டுண்ணியும் இருக்கும். மீனின் பின்துவாரத்தில் சிவப்பு நூலாகத் தொங்கும் கமல்லானஸ் புழுவும் சைக்ளாப்ஸ் வழியாகப் பரவக்கூடியதுதான். இந்த அக்காவிடம் கேட்டால் எந்தப் பக்கத்துக் குட்டை, அதில் மீன் உண்டா இல்லையா என்று உள்ளதைச் சொல்வார். மீன் இல்லாத மழைநீர்க் குட்டை என்றால் ஆபத்து பெருமளவு குறையும். இந்த ஒரு பதிலுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

டியூபிஃபெக்ஸ் புழு விஷயத்தில் எனக்கு இன்னும் முழு மனது இல்லை. இந்தக் கடையின் குறை அல்ல, புழுவின் பிறப்பிடம் அப்படி. சாக்கடை கலக்கும் கால்வாய்ச் சேற்றில் தலையைப் புதைத்துக்கொண்டு வாலை மட்டும் வெளியே ஆட்டி மூச்சு வாங்குகிற ஜீவன். தின்பதும் அந்தச் சேற்றைத்தான். மேலே எவ்வளவு அலசினாலும் குடலுக்குள் இருப்பது போகாது. நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தால்தான் வயிறு காலியாகும். உடம்பில் ஏறிய ஈயம், காட்மியம் போன்றவை அதற்கும் மசியாது. அக்கா தட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்ட விட்டிருக்கிறார். விரலால் தொட்டால் உருண்டை விலகி உடனே மறுபடி கூடிக்கொள்கிறது. நல்ல புழுவுக்கு அதுதான் அடையாளம். வெளுத்து, கலைந்து, நாற்றம் வந்தால் தொடாதீர்கள். "இது இன்னிக்கு வந்தது, இப்பவே போட்டுடாத" என்று வாங்க வந்தவரிடமே சொல்லி அனுப்புகிற கடைக்காரரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நான் வாங்குவது வளர்ந்த மீனுக்கு எப்போதாவது. குஞ்சுக்கும் டிஸ்கஸ் மீனுக்கும் வேண்டாம்.

கொசுப்புழு எப்போதாவது இருக்கும். ஃபைட்டருக்கு அதைவிடப் பிடித்த இரை இல்லை. ஆனால் அன்றைக்கே மீன் தின்று தீர்க்கிற அளவு மட்டும் வாங்குங்கள். வளைந்த கமா மாதிரி இருக்கும் கூட்டுப்புழு இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். டெங்கு இருக்கிற ஊரில் இதை மிச்சம் வைப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்கிற அநியாயம். அக்கா இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக, சின்ன அளவில் மட்டும் விற்றால் நல்லது.

குஞ்சுக்கு இரையாகப் பொரிக்கிற ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) முட்டையை மட்டும் இங்கே வாங்காதீர்கள். டப்பாவிலிருந்து பிரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருகிறார், தேதி தெரியாது, ஈரம் பட்டால் பொரிப்பது குறைந்துவிடும். சீல் வைத்த டின்னே மேல்.

மொய்னா பாக்கெட் 30 ரூபாய், டியூபிஃபெக்ஸ் புழு ஒரு கப் 20 ரூபாய். ஐப்பசி கார்த்திகையில் பெரிய மழை பெய்தால் குட்டை எல்லாம் நிரம்பி ஓடி, சரக்கு வராது; போவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் காலத்துக்காக ஒரு பாக்கெட் மொய்னாவை மாடியில் பாசியால் பச்சையான தண்ணீர் டப்பில் விட்டு, வலை போட்டு மூடி, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தீனியாக ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும் என்று அக்காவே சொல்லித் தருவார், வியாபாரம் போய்விடுமே என்று பார்க்க மாட்டார். மூடி போட்ட சின்ன பக்கெட் ஒன்றை நீங்களே கொண்டுபோனால் பாக்கெட்டைவிட இரை நன்றாக வந்து சேரும்.