விகாரமகாதேவி பூங்கா: ஊரிலிருந்து கொழும்புக்குக் கிளினிக் போகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கமிருந்து கொழும்புக்கு அலுவலாகப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், கிளினிக் முற்பகலில் முடிந்துவிடும், திரும்பிவரும் பஸ் இரவில்தான், இடையில் இருக்கிற பகல் முழுக்க எங்கே போய் இருப்பது? வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் சரி. இல்லாதவர்கள் இந்தப் பூங்காவுக்குப் போங்கள்.

போன மாதம் அம்மாவைக் கண் காட்டக் கூட்டிப்போனேன். மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் பட்டாலே கண் கூசியது. ஒரு ஓட்டோக்காரர் நடக்கிற தூரத்துக்கு 800 ரூபா கேட்டார், வேண்டாமென்று கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கொண்டுவந்தேன். டவுன் ஹோலின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தால் போதும், அதற்கு நேரெதிரே பெரிய பொன்னிறப் புத்தர் சிலை, அங்கேதான் பூங்கா. கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு 138 பஸ் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை.

மரங்கள்தான் இந்த இடத்தின் சொத்து. பாலையும் வீரையும் முதிரையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மரம் புதிதில்லை, ஆனாலும் இவ்வளவு விலை போகிற கறுவாத்தோட்டக் காணிக்கு நடுவில் அவற்றை இப்படிக் கிளை பரப்ப விட்டிருக்கிறார்களே என்று நினைக்க மனம் நிறைந்தது. அம்மா புட்டுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, நிழலில் சேலையை விரித்து ஒரு மணித்தியாலம் நல்ல நித்திரை. ஒருவரும் வந்து எழுப்பவில்லை.

முன்பு இதற்கு விக்டோரியா பூங்கா என்று பெயர், 1958இல்தான் பழைய சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவியின் பெயரை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவம் எடுத்து வைத்திருந்த இடம் இது, திரும்ப மக்களுக்குத் திறந்தது 1951இல். இராணுவ முகாமுக்குப் போன காணி விடுபடுமா என்று வருடக்கணக்காகக் காத்திருந்த எங்கட சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதை வாசித்த பிறகு அந்தப் புல்லில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதை நான் வேறு மாதிரித்தான் பார்த்தேன்.

பிள்ளைகளோடு போனால் சிறுவர் பூங்கா இருக்கிறது. ஓரத்திலேயே பொது நூலகம், ரோட்டைக் கடந்தால் 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. நடுப்பகலில் மட்டும் புல்வெளிப் பக்கம் போகாதீர்கள், வெயில் சுடும், மரத்தடியிலேயே இருங்கள். பின்னேரம் நுளம்பு வரும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லது, தண்ணீரும்தான்.

எங்கட பக்கம் சுற்றிவரக் காடு, இரணைமடு மாதிரிக் குளம், எல்லாம் இருக்கின்றன. ஆனால் உட்கிராமத்திலிருந்து கிளிநொச்சிப் பட்டணத்துக்கு அலுவலாக வந்த ஒரு வயதானவர் அடுத்த பஸ் வரும்வரை காசு கொடுக்காமல் சாய்ந்திருக்க நல்ல நிழல் தேடித்தான் பார்க்கவேண்டும். ஏ-9 ரோட்டு ஓரத்தில் பத்து மரமும் நாலு வாங்கும் வைத்தால்கூடக் காணும்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் மூன்று மாதத்தில். அதே மரத்தடிக்குத்தான் போவோம்.