பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பணத்தை எந்த ஆன்லைன் தளத்தோட கணக்குக்கும் அனுப்பாதீங்க. எனக்கு 3,30,420 ரூபாய் போச்சு

சின்னப் பட்டறை, சின்ன கம்பெனி நடத்துற எல்லாரும் தயவுசெஞ்சு இதைப் படிங்க. மூணு நாளா சரியாத் தூங்கலை. கோபத்துல எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. மூணு லட்சத்து முப்பதாயிரத்து நானூற்று இருபது ரூபாய். அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல என் ஆளுங்க சம்பளத்துல இருந்து நான் பிடிச்ச பணம். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

கோயம்புத்தூர்ல அப்பா ஆரம்பிச்ச லேத் பட்டறையை இப்ப நான்தான் பார்த்துக்கறேன். 22 பேர் வேலை செய்யறாங்க. பதினோரு வருஷமா பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாத்தையும் ஒரு பெரியவர் பார்த்துக்கிட்டு இருந்தார். மாசம் பத்தாம் தேதிக்குள்ள ஸ்கூட்டர்ல வருவார், வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார், சலான் போட்டுக் கொடுப்பார், நாங்க எங்க பேங்க்ல இருந்து நேரா கட்டிருவோம். ஒரு மாசம்கூடப் 15-ம் தேதி தாண்டினதில்லை. போன வருஷம் முட்டி வலி முத்திப்போய் அவர் ஓய்வு எடுத்துக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் 2025 நவம்பர் 21-ம் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்துச்சு. பழைய 29 சட்டத்தை நாலா சேர்த்துட்டாங்க. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாகணும், ஒப்பந்தத்துல குறிப்பிட்ட காலத்துக்கு வர்றவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போனா ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளப் பாக்கியைக் கொடுக்கணும், அலவன்ஸ் மொத்தத்துல பாதியைத் தாண்டினா தாண்டினது சம்பளக் கணக்குல சேரும். வாட்ஸ்அப் குரூப்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எனக்குப் பயம். அப்பா காலத்துல இருந்து சட்டப்படி நடந்த பட்டறை, என் கையில தப்பு நடந்துடக் கூடாதுன்னு பயம். அந்தப் பயத்தைத்தான் அவங்க பிடிச்சாங்க.

தொழிலாளர் சட்ட மாற்றங்களை உடனுக்குடன் சொல்லி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரிட்டர்னும் போட்டுத் தர்றோம்னு விளம்பரம் பண்ற ஒரு ஆன்லைன் சந்தா தளம். பேர் போட்டா வழக்கு போடுவோம்னு ஏற்கனவே மெயில் அனுப்பிட்டாங்க, அதனால பேர் சொல்லலை. வருஷத்துக்கு 30,000, ஜி.எஸ்.டி.யோட 35,400 ரூபாய்.

ஏன் நம்பினேன்னு வீட்ல எல்லாரும் கேக்கறாங்க. சொல்றேன். போன்ல பேசின பொண்ணு எங்க ஊர்ப் பேச்சுல, "அக்கா, சொல்லுங்கக்கா"ன்னு பொறுமையா கேட்டுச்சு. அந்தப் பாதிச் சம்பளக் கணக்கால பி.எஃப். கூடுமான்னு பயந்து கேட்டேன். "நீங்க பதினஞ்சாயிரத்துக்குத்தானே பி.எஃப். பிடிக்கறீங்க? அப்ப அதுல உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லீங்கக்கா, அதுக்காக எங்ககிட்டச் சேர வேண்டாம்"னு சொல்லுச்சு. விக்க வந்தவங்க வேண்டாம்னு சொன்னா யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அப்புறம் விசாரிச்சேன், அந்தப் பொண்ணு சொன்ன கணக்கு சரிதான். அந்த ஒரு வாக்கியத்துல நான் விழுந்துட்டேன். அன்னைக்கே 35,400 கட்டினேன்.

டிசம்பர் மாசச் சலான் ஜனவரியில சரியா வந்துச்சு. எங்க பேங்க்ல இருந்து நானே கட்டினேன். பிப்ரவரி முதல் வாரம் போன். "புதுச் சட்டத்துக்காகப் போர்ட்டல்ல மாத்தம் பண்றாங்க, அடிக்கடி நிக்குது, 15 தாண்டினா உங்களுக்கு அபராதம். மொத்தத்தையும் எங்க கணக்குக்கு அனுப்பிடுங்க, பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் ஒண்ணாக் கட்டிடறோம்." லாகின், பாஸ்வேர்டு ஏற்கனவே அவங்ககிட்ட. அதுல இருந்த என் மொபைல் நம்பரையும் "ஓ.டி.பி. தொந்தரவு உங்களுக்கு எதுக்கு"ன்னு மாத்திட்டாங்க. நானும் சரின்னேன். சரின்னது என் தப்பு, ஒத்துக்கறேன்.

ஒரு ஆளுக்குப் 15,000-க்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், எங்க பங்கு இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணத்தோட 13 சதவீதம். 22 பேருக்கு மாசம் 82,500. ஈ.எஸ்.ஐ. 15,000-க்கு இல்லை, முழுச் சம்பளத்துக்கும்; ரெண்டு பங்கும் சேர்த்து 4 சதவீதம், 15,840. ஆக மாசம் 98,340 ரூபாய். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு மூணு மாசத்துக்கு 2,95,020. ஒவ்வொரு மாசமும் பணம் போன ரெண்டாம் நாள் சலான் பி.டி.எஃப். வந்துடும். நான் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சுட்டு நிம்மதியா இருந்தேன்.

போன வாரம் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எங்க டர்னர் அண்ணன் ஆபீஸ் ரூமுக்கு வந்தார். அப்பா காலத்து ஆள், பதினாலு வருஷமா இருக்கார். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு பி.எஃப்.ல எவ்வளவு எடுக்கலாம்னு பார்க்க பாஸ்புக்கைத் திறந்திருக்கார். கட்டிங் ஆயில் கறை படிஞ்ச விரலால ஸ்கிரீனைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கடைசி வரி டிசம்பர். அதுக்குக் கீழ வெள்ளையா இருக்கு. "அம்மிணி, மூணு மாசமா ஒண்ணும் ஏறலீங்களே"ன்னார். சம்பளச் சீட்டுல மாசாமாசம் 1,800 பிடிச்சதா நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். அவர் என்னைச் சந்தேகப்படலை. கேட்டுட்டு அப்படியே நின்னார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாம ஃபைலைத் தேடறேன்.

மூணு சலானையும் மேஜையில வரிசையா வெச்சுப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது. டி.ஆர்.ஆர்.என்.னு ஒரு நம்பர் இருக்கும், ஒவ்வொரு சலானுக்கும் வேற வேற நம்பர். என்கிட்ட இருந்த மூணுலயும் ஒரே நம்பர். டிசம்பர் மாசத்து அசல் சலான் நம்பரேதான். மாசத்தையும் தேதியையும் மட்டும் மாத்தியிருக்காங்க, அந்த எழுத்து மத்த எழுத்தைவிட ஒரு நூல் தடிப்பா இருக்கு. மூணு மாசம் என் கண்ணுக்கு முன்னாடி இருந்தது, நான் பார்க்கலை.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. முதல்ல சாட்ல ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்து 48 மணி நேரம்னாங்க. 48 மணி நேரம் கழிச்சு, "பாஸ்புக் அப்டேட் ஆக லேட் ஆகும், எல்லா கம்பெனிக்கும் இப்படித்தான்". சலான் நம்பர் ஒண்ணாவே இருக்கேன்னு கேட்டேன். "எங்க சிஸ்டத்துல டிஸ்பிளே பிழை மேடம்." சரி, பணம் போனதுக்கு உங்க பேங்க் ரசீதைக் கொடுங்கன்னேன். உங்க மேனேஜர் மாறிட்டார், புதுசா வர்றவர் கூப்பிடுவார்னாங்க. "அக்கா"ன்னு பேசின பொண்ணு நம்பர் உபயோகத்துலயே இல்லை. கடைசியா சட்டப் பிரிவுன்னு ஒருத்தர் பேசினார். ஒப்பந்தத்துல 14-வது பிரிவைப் படிங்க, எந்த இழப்புக்கும் எங்க பொறுப்பு அதிகபட்சம் ஒரு மாசச் சந்தா மட்டும்தான்னார். அதாவது 2,500 ரூபாய்! மூணு லட்சத்து முப்பதாயிரத்து நானூற்று இருபது ரூபாய்க்கு ரெண்டாயிரத்து ஐநூறு!

சட்டம் சொல்லித் தர்றோம்னு 35,400 வாங்கினாங்களே, அதுக்காவது ஏதாவது செஞ்சாங்களான்னு உக்காந்து பார்த்தேன். நியமனக் கடிதம்னு அனுப்பின மாதிரியில மகாராஷ்டிராவோட கடைகள் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கு. தமிழ்நாடு தொழிலாளர் நல நிதி ஜனவரி 31-க்குள்ள கட்டணும், ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தலை. வாராவாரம் வந்த அப்டேட் மெயில் முழுக்க பேப்பர்ல ஏற்கனவே வந்த செய்தி.

பி.எஃப். ஆபீஸ் போனேன். அங்க இருந்த அதிகாரி பொறுமையாத்தான் பேசினார். ஆனா யாரை நம்பிக் கொடுத்திருந்தாலும் கட்ட வேண்டியது முதலாளிதான், நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும்னார். தாமதத்துக்கு வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, அதுபோக மாசத்துக்கு 1 சதவீத அபராதம். அந்த அபராதம் 2024 ஜூனுக்கு முன்னாடி எவ்வளவு நாள் தாமதம்கிறதைப் பொறுத்து மாறுமாம். இதைவிட எனக்குக் குத்தினது வேற. தொழிலாளி சம்பளத்துல பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா அது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி. அப்பா பேர்ல நடக்கிற பட்டறைக்கு அந்த வார்த்தை வரும்படி ஆயிடுச்சு.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு. பணம் போய் வாரக்கணக்கு ஆனதால முடக்க அங்க ஒண்ணும் மிச்சமில்லை போல. நீங்களா விரும்பி அனுப்பினதுதானே, சிவில் வழக்கு போடுங்கன்னு விசாரிச்சவரும் சொல்லிட்டார். முந்தாநாள் கல்யாண வளையலை அடகு வெச்சு 2,95,020 ரூபாயை ரெண்டாவது தடவையா, இந்தத் தடவை நானே எங்க பேங்க்ல இருந்து கட்டினேன். வட்டி, அபராதக் கணக்கு இனிமேத்தான் வரும். 22 பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். டர்னர் அண்ணன்தான், "நீங்க கட்டுவீங்கன்னு தெரியும் அம்மிணி, போய்ச் சாப்பிடுங்க"ன்னார்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியலை. அவசரத்துக்கு இது மட்டும்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பணம் உங்க பேங்க்ல இருந்து நேரா அரசாங்கப் போர்ட்டல் வழியாத்தான் போகணும். நடுவுல எவன் கணக்குக்கும் போகக் கூடாது. சலான் போடறது அவங்க வேலையா இருக்கட்டும், கட்டறது உங்க கையா இருக்கட்டும்.

லாகின்ல உங்க மொபைல் நம்பர் இருக்கான்னு இப்பவே பாருங்க. பி.எஃப். வெப்சைட்ல உங்க நிறுவனத்தைத் தேடினா எந்த மாசம் எவ்வளவு கட்டியிருக்குன்னு பாஸ்வேர்டு இல்லாமலேயே பார்க்கலாம். எனக்கு இது தெரிஞ்சது போன வாரம்தான். மாசம் 20-ம் தேதி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க, இல்லைன்னா ஏதாவது ஒரு தொழிலாளியோட பாஸ்புக்கையாவது கேட்டுப் பாருங்க.

புதுச் சட்டம் வந்துடுச்சு, இன்னைக்கே சேரலைன்னா அபராதம்னு எவன் போன்ல சொன்னாலும் வெச்சுடுங்க.

இந்த மாதிரித் தளத்துல பணம் கட்டினவங்க யாராவது இருந்தா, உங்க சலான் மூணையும் எடுத்து வெச்சு டி.ஆர்.ஆர்.என். ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. முழு நம்பரைப் போட வேண்டாம், கடைசி நாலு இலக்கம் போதும். நாலஞ்சு பேர் சேர்ந்தா ஒரே புகாரா கொடுக்கலாம்னு வக்கீல் சொல்லியிருக்கார்.